தாளம் தப்பாமல் இருக்க

உறுமி மேளத்தில் ஓர் அடி தப்பினாலும் நமக்குத் தெரிஞ்சிடும். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்புவது பலருக்குத் தெரியாது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

சிகிச்சையில் சீரானாலும் அது திரும்ப வரலாம். 2015-இல் வெளிவந்த அடிலெய்டு ஆய்வில், பருமனான நோயாளிகளில் எடையை 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் தாளம் தப்பாமல் இருந்த வாய்ப்பு ஆறு மடங்கு.

வகுப்புக்கு வரும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இந்நோய் இருந்தால், பிரிக்ஃபீல்ட்ஸோ கிள்ளானோ, தே தாரிக்கை ‘கூராங் மானிஸ்’னு சொல்லி வாங்குங்க. மாலையில் கூடவே நடங்க. மதுவை விடச் சொல்லுங்க. பலத்த குறட்டைன்னா டாக்டரிடம் சொல்லுங்க. ரத்த அழுத்தத்தை எழுதி வைங்க. மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காம நிறுத்த விடாதீங்க.

திருமூலர் உடம்பைப் பேணச் சொன்னார். வீட்டிலிருந்தே தொடங்குவோம்.