கடைகள் திறந்தாச்சு, பர்ஸையும் திறந்தாச்சு: தாம்பரம் பக்கத்துக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லாக்டவுன் நமக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரோம்பேட்டை ஜவுளிக்கடைகள் பூட்டிக் கிடந்தன, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் நின்றுபோனது, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். செலவு செய்ய வழியில்லாததால் காசு மிஞ்சியது, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கிக் கணக்கைப் பாருங்கள்: 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டுக் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு ஜிடிபியில் 21 சதவீதம். அடுத்த காலாண்டிலேயே 10.4. 2022–23-இல் ஐந்து சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது.

அந்த மிச்சமும் மாதச் சம்பளம் தடையில்லாமல் வந்த வீடுகளில்தான். மெப்ஸில் ஷிஃப்ட் பார்த்தவர், ஸ்கூல் வேன் ஓட்டியவர், கேம்ப் ரோட்டில் டிபன் கடை போட்டவர் வீடுகளில் கதையே வேறு. வளையல் அடகுக்குப் போனது, பிஎஃப் கரைந்தது. ஆனால் இரண்டு வகை வீட்டிலும் ஒரே மாதிரி தங்கிவிட்டவை இரண்டு: போனைத் தட்டினால் செலவு, போனைத் தட்டினால் கடன். கீழே இருப்பதை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

செய்ய வேண்டியவை

• சம்பளம் வந்த மறுநாளே சேமிப்பை வேறு கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். ஜிபே, போன்பே இணைந்த கணக்கில் கிடக்கும் பணம் சேமிப்பல்ல, இன்னும் செலவாகாத பணம். சேமிப்புக் கணக்கை எந்த யுபிஐ ஆப்பிலும் சேர்க்காதீர்கள், அதன் டெபிட் கார்டை பீரோவில் வையுங்கள். அன்று அரசாங்கம் போட்ட பூட்டை இன்று நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஆர்டி தேதியைச் சம்பளத் தேதிக்கு அடுத்த நாளாக வைத்தால் மாதாமாதம் யோசிக்கிற வேலையும் மிச்சம்.

• ஆறு மாதச் செலவைக் கையிருப்பாகச் சேருங்கள். அதிகம் என்று தோன்றினால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: 2020 மார்ச்சில் நின்ற மின்சார ரயிலில் பொதுமக்கள் மறுபடி ஏற டிசம்பர் 23 ஆனது, அதுவும் கூட்ட நேரம் தவிர்த்து. வாடகை அல்லது இஎம்ஐ, மளிகை, கரண்ட் பில், ஃபீஸ், மருந்து, அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸ், கோடையில் தண்ணி லாரி: இவற்றை மட்டும் கூட்டி ஆறால் பெருக்குங்கள். சினிமாவும் ஓட்டலும் இந்தக் கணக்கில் வராது.

• வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள், நூறும் ஐம்பதுமாக. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நின்றபோது கரண்டும் போனது, சிக்னலும் போனது. பால் பாக்கெட் விற்றவரிடம் கியூஆர் கோட் இருந்து என்ன பயன்?

• ரேஷன் கார்டை நடப்பில் வைத்திருங்கள். 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணம் 1,000 ரூபாய், 2021-இல் இரண்டு தவணையாக 4,000, மிக்ஜாமுக்கு 6,000: எல்லாம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தன. முதல் இரண்டும் அரிசி கார்டுக்கு. ‘நமக்கு எதற்கு ரேஷன் அரிசி’ என்று சர்க்கரை கார்டோடு இருந்த நடுத்தரக் குடும்பங்கள் வேலை போன மாதத்தில் வேடிக்கைதான் பார்த்தன. உங்கள் கார்டு எந்த வகை, எல்லார் பெயரும் இருக்கிறதா, விலாசம் சரியா, கைரேகைப் பதிவு முடிந்ததா என்று இந்த வாரமே கடையில் கேளுங்கள்.

• கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தாலும் சொந்தமாக ஒரு மருத்துவப் பாலிசி எடுங்கள். வேலை போனால் கம்பெனி பாலிசியும் கூடவே போய்விடும். 2020-இல் பலருக்கு இரண்டும் ஒரே மாதத்தில் போனது. அந்த ஜூனில் தமிழக அரசு தனியார் மருத்துவமனை கொரோனா ஐசியுவுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. வரம்புக்கு உட்பட்டே பத்து நாளைக்கு ஒன்றரை லட்சம்! 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு ப்ரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே தள்ளிப்போட இருந்த சாக்கும் போச்சு. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள்.

• கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். 2021 இரண்டாம் அலையில் பல வீடுகளில் துக்கத்துக்கு நடுவே பாஸ்புக் தேடும் வேலையும் சேர்ந்துகொண்டது. எந்த பாங்க், எந்தக் கிளை, எல்ஐசி பாலிசி எண், பிஎஃப் யுஏஎன், யாருக்குக் கொடுத்த கைமாற்று, எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி: எல்லாம் வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் அதில் வேண்டாம். பிஎஃப் போர்ட்டலில் நாமினியை ஆன்லைனிலேயே சேர்க்கலாம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் கொடுத்து அப்படியே விட்டவர்கள் அதை மாற்ற வேண்டும். இறந்துபோனவர்களின் பழைய டெபாசிட் எங்கே என்று தெரியவில்லையா? ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

• வீட்டுக் கடன் இன்னும் எத்தனை மாதம் என்று பாங்கில் எழுத்தில் கேளுங்கள். பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ஃபிளாட் வாங்கியவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 2020 மே மாதம், வீட்டுக் கடன் வட்டியை ஏற்றி இறக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கியது. வட்டி மலிவு என்று கடன் எடுத்தீர்கள். 2023 பிப்ரவரியில் அதே ரெப்போ 6.5. இஎம்ஐ மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். மாறியது தவணைக் காலம்: இருபது வருடம் என்று வாங்கிய கடன் சத்தமில்லாமல் இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். 2025-இல் ரெப்போ படிப்படியாக இறங்கியது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்குக்கு வந்ததா என்று பாருங்கள். வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. கிளை மேனேஜர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

• மளிகைக்கு மறுபடி சிட்டை எழுதுங்கள். லாக்டவுனில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் கடை, அதனால் எழுதினோம், எழுதியதால் குறைந்தது. சண்முகம் ரோடு மார்க்கெட்டில் வாரத்துக்கு ஒரு நடை போனால் போதும். பத்து நிமிட டெலிவரிக்காரன் கொத்தமல்லிக் கட்டோடு ஒரு சிப்ஸ் பாக்கெட்டையும் உங்கள் தலையில் கட்டாமல் விடமாட்டான்.

• சீசன் டிக்கெட்டுக்குத் திரும்புங்கள். ரயில் ஓடாத மாதங்களில் வீட்டுக்கு இரண்டாவது பைக் வந்தது சரி. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகும் அதிலேயே போய் வருவது ஏன்?

செய்யக்கூடாதவை

இந்தப் பக்கம்தான் காசு அதிகம் போயிருக்கிறது.

• இஎம்ஐயைத் தள்ளிவைக்கச் சலுகை என்றதும் கை தூக்காதீர்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாத மாரடோரியம் வந்தபோது, தள்ளுபடி என்றே நினைத்தவர்கள் ஏராளம். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. முதல் மூன்று மாதச் சலுகைக்கு ஸ்டேட் பாங்க் தானே ஒரு கணக்கு போட்டுக் காட்டியது: 15 வருடம் பாக்கியுள்ள 30 லட்சம் வீட்டுக் கடனில் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், அதாவது 8 இஎம்ஐ. பிறகு அரசும் உச்ச நீதிமன்றமும் திருப்பிக் கொடுக்க வைத்தது வட்டிக்கு வட்டியை மட்டும்தான். சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் எடுங்கள், தப்பில்லை. கையில் காசை வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள்.

• நகையை அது தாங்கும் கடைசி ரூபாய் வரை அடகு வைக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் சவரன் 43 ஆயிரத்தைத் தாண்டியது. அதே மாதம், நகை மதிப்பில் 75 சதவீதம் வரை தரலாம் என்றிருந்ததை பாங்குகளுக்கு 90 ஆக்கினார்கள். கிடைக்கிறதே என்று முழுசாக வாங்கியவர்கள், 2021 மார்ச்சில் சவரன் 34 ஆயிரத்தை ஒட்டி இறங்கியபோது மாட்டிக்கொண்டார்கள். மேற்கொண்டு பணம் கட்டு, இல்லையென்றால் ஏலம். இன்று சவரன் விலை அன்றைக்கு இரண்டு மடங்குக்கும் மேல், சபலமும் அந்த அளவுக்கு. தேவை ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சத்துக்கு மட்டும் வையுங்கள். ரசீதில் எடை, கழிவு, ஏல விதி மூன்றையும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடனை முழுசாக அடைத்து 7 வேலை நாளுக்கு மேல் நகை வராவிட்டால், தாமதத்துக்குக் காரணம் அவர்கள் பக்கம் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதி.

• கடன் ஆப்பை இறக்காதீர்கள். போனில் இருந்தால் இன்றே தூக்குங்கள். ஐந்தாயிரம் கேட்டால் மூவாயிரத்துச் சொச்சம் வரும், ஏழாம் நாள் முழு ஐந்தாயிரமும் கட்ட வேண்டும், தவறினால் உங்கள் கான்டாக்டில் உள்ள மாமியார் வரை ஆபாச மெசேஜ் போகும். 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அடுத்த மாதம் சென்னை போலீஸ் இரண்டு சீன நாட்டவர் உட்படச் சிலரைக் கைது செய்தது. ஆப்கள் பெயர் மாற்றிக்கொண்டு இன்னும் உலவுகின்றன. இப்போதுள்ள விதிப்படி கடன், பாங்க் அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் கான்டாக்ட் பட்டியலை ஆப் தொடவே கூடாது. அதற்கு ‘அலவ்’ கேட்டாலே அது திருட்டு ஆப். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் வெட்கப்பட்டு இன்னொரு ஆப்பில் வாங்கி அடைக்காதீர்கள், தாம்பரம் கமிஷனரேட் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள்.

• மாதத்துக்கு மூன்று வட்டிக்கு மேல் தருகிறேன் என்பவரிடம் ஒரு டீ கூடக் குடிக்காதீர்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் கணக்குப்படி, ஆருத்ரா கோல்டு நிறுவனம் 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொன்னார்கள். பாங்க் டெபாசிட் வட்டி பாதாளத்தில் கிடந்த காலம் அது. கையில் பிஎஃப் பணமோ ரிடையர்மென்ட் பணமோ வந்திருக்கும் வீட்டைத்தான் இந்த ஏஜென்ட்கள் மோப்பம் பிடிப்பார்கள், அதிலும் உறவுக்காரராகவே வருவார்கள். முதல் இரண்டு மாத வட்டி சரியாக வரும். அது உங்களுக்காக அல்ல, உங்கள் தங்கச்சியையும் சேர்க்க வைப்பதற்காக.

• பதிவில்லாத சீட்டில் பெரிய தொகை போடாதீர்கள். தெருவில் சீட்டு நடத்தும் அக்கா மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. பல பேர் ஒரே மாதத்தில் கட்ட முடியாமல் நின்றால் அவரும்தான் என்ன செய்வார்? லாக்டவுனில் நடந்தது அதுதான். 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டென்றால் கேட்க ஓர் இடம் உண்டு. பழகியவர் என்பதற்காகச் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், போனாலும் தூக்கம் கெடாத தொகையோடு நிறுத்துங்கள்.

• பிஎஃப்பைச் சேமிப்புக் கணக்கு மாதிரி உருவாதீர்கள். கொரோனா முன்பணம் 2020-இல் வந்தது, 2021-இல் இரண்டாம் தடவையும் எடுக்க விட்டார்கள், 2024 ஜூனில் நிறுத்தினார்கள். எடுத்ததை யாரும் திருப்பிக் கட்டச் சொல்லவில்லை, அதனாலேயே பலரும் கட்டவில்லை. 2024–25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், எடுத்தவர்கள் ஹெச்ஆரிடம் சொல்லி விபிஎஃப்பாக (விருப்பப் பிஎஃப்) மாதம் ஆயிரமாவது கூட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

• ஒரே பாங்கில் 5 லட்சத்துக்கு மேல் டெபாசிட் வைக்காதீர்கள். அசலும் வட்டியும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு பாங்கில் அவ்வளவுக்குத்தான் காப்பீடு. 2020 மார்ச் 5 அன்று யெஸ் பாங்க் வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றார்கள். அது சில நாளில் சரியானது, எல்லா பாங்குக்கும் அப்படி அமையாது.

• டெலிவரி ஆப்பில் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். எடுத்துவந்து பதினாறு இலக்கம் அடிக்கும் சோம்பலிலேயே பாதி பிரியாணி ரத்தாகும். யாரும் பார்க்காத ஓடிடிக்கு ஆட்டோபே போய்க்கொண்டிருக்கும், அதையும் இன்று நிறுத்துங்கள்.

• பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடாதீர்கள். பணம் வர பின் தேவையே இல்லை. கேட்கிறான் என்றால் எடுக்கப் போகிறான். ஏமாந்துவிட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930, அதற்குப் பிறகு பாங்க், வீட்டில் யார் திட்டுவார்கள் என்ற கவலையெல்லாம் மூன்றாவது.