வளர்ச்சியும் குருதியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைக் கடந்தால் திருப்பெரும்புதூரை அடையலாம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். இவ்வழியே இரும்புத் தகடுகளை ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் செல்கின்றன. அத்தகடுகள் ஆலைகளினுள் கார்களாகவும் சரக்கு வண்டிகளாகவும் உருப்பெறுகின்றன. அவ்வூர்ச் சிறுவர் சிறுமியர் உடலினுள்ளும் ஓர் ஆலை இடைவிடாது இயங்குகிறது. அதற்கும் இரும்பு வேண்டும்.

அவ்வாலை யாது? எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையே அது. குருதியின் சிவப்பணுக்கள் அங்குத்தான் பிறக்கின்றன. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆதலின் மடிந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை தோன்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். பிறந்த குழந்தையின் உடலில் உள்ள குருதி ஏறக்குறைய கால் லிட்டரே. வளர்ந்தவர் உடலிலோ சுமார் ஐந்து லிட்டர். எனவே, வளரும் பிள்ளைகளுக்கு ஈடு செய்தல் மட்டும் போதாது. குருதி பெருகவும் வேண்டும்.

இப்பெருக்கத்திற்கு ஆணையிடுவன ஹார்மோன்கள். அவற்றுள் முதன்மையானது சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின். வளர்ச்சி ஹார்மோனும் இப்பணிக்குத் துணை செய்கிறது. மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவில் அமைந்துள்ள பிட்யூட்டரி, ஆழ்ந்த உறக்கத்தின்போது இதனை மிகுதியாகச் சுரக்கிறது. இதன் தூண்டுதலால் கல்லீரல் ஒரு வளர்ச்சிக் காரணியை உண்டாக்குகிறது. எலும்பை நீளச் செய்யும் அப்பொருளே, மஜ்ஜையிலுள்ள இளம் அணுக்களையும் பெருகச் செய்கிறது. 1956-ஆம் ஆண்டில் சோ ஹாவ் லீ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் மனிதரின் வளர்ச்சி ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். இது குறைந்த பிள்ளைகள் சிலரிடம் சிறிதளவு சோகையும் காணப்படுகிறது. மருத்துவர் ஆய்ந்து இம்மருந்தை அளிக்குங்கால், உயரத்தோடு குருதியின் ஹீமோகுளோபினும் உயர்கிறது.

ஆயினும், ஆணை மட்டும் குருதி ஆகுமா? தலைமை அலுவலகம் எத்துணை ஆணைகள் விடுத்தாலும், தகடு வந்து சேராவிடில் ஆலையிலிருந்து ஒரு வண்டியும் வெளிவராது. அதுபோலவே, இரும்புச் சத்து இல்லையேல் ஹீமோகுளோபின் உருவாகாது. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுற்றவர். சோகை மிகுந்தால் மூச்சு இரைக்கும்; உடல் சோரும்; பாடத்தில் மனம் நில்லாது. மாதந்தோறும் குருதி இழக்கும் வளரிளம் பெண்களுக்கு இக்குறை எளிதில் நேர்கிறது.

மாணவர்களே! முருங்கைக்கீரை, கம்பு, பயறு, மீன், ஈரல் ஆகியவற்றை விரும்பி உண்ணுங்கள். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பின் இரும்பு நன்கு உடலிற் சேரும்; உண்டவுடன் தேநீர் பருகின் அது குறையும். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையைக் கசப்பென்று எறியாதீர்கள்; உணவிற்குப் பின் விழுங்குங்கள். இரவில் நன்கு உறங்குங்கள். வளர்க என உடல் இடும் ஆணையை நிறைவேற்றத் தக்க பொருளை அளிப்பது நம் கடமையன்றோ!