எழுதுவோர்க்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

எழுத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் நண்பர் பலர் நம் மன்றத்தில் உளர். எந்த இதழிலும் மாதச் சம்பளம் பெறாமல், தாமே எழுதி, தாமே அனுப்பி, அச்சேறியதற்கு மட்டும் ஊதியம் பெறுவோரின் வாழ்வு எத்தகையது என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருத்தல் நன்று. நானும் அவ்வாறு எழுதி அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பவர்களுள் ஒருவன். ஆதலின் உடன் நடப்பவன் என்னும் முறையில் சில கருத்துகளை இங்கே கூற விழைகின்றேன்.

அலுவலகத்தில் பணிபுரிவோனைக் கடிகாரம் எழுப்புகின்றது. மேலதிகாரியின் கண் இயக்குகின்றது. மாதச் சம்பளம் தேற்றுகின்றது. தனித்து எழுதுவோனுக்கு இம்மூன்றும் இல்லை. எழுதாதிருந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. இந்நிலையில் ஊக்கம் குன்றுதல் இயல்பே. அதனைக் காப்பது எவ்வாறு?

திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அதனை அடுத்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. இவ்வரிசை சிந்தித்தற்குரியது. உள்ளத்தில் தோன்றும் ஊக்கம் சோம்பலை விலக்க வேண்டும். முயற்சியாக உருப்பெற வேண்டும். துன்பம் வந்தபோதும் தளராது நிற்க வேண்டும். முதற்படியிலேயே நின்றுவிட்ட ஊக்கம் விரைவில் ஆறிப்போகும்.

ஆனால் ஊக்கம் ஒன்றே போதும் என்று கூறுதலும் பொருந்தாது. புதுமைப்பித்தன் மறைந்தது நம் திருவனந்தபுரத்திலேதான், நாள் 1948 ஜூன் 30, அகவை 42. 'தினமணி'யிலிருந்து 1943இல் விலகிய அவர், பின்னர்த் திரைப்படத் துறைக்குச் சென்றார். புனேயில் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதச் சென்ற காலத்தில் காசநோய் முற்றியது. மனைவி கமலாவின் ஊராகிய இந்நகருக்கு வந்து, இங்கேயே கண்மூடினார். அவரிடம் ஊக்கத்துக்குக் குறைவில்லை. பொருளுக்கே குறைவு இருந்தது.

அவருக்குப் பின் இந்நகரில் தமிழ் எழுதிய மூவரைப் பாருங்கள். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தினார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தார். மூவரும் அடுப்பெரிய ஒரு தொழிலையும், உள்ளம் எரிய ஒரு தொழிலையும் வைத்திருந்தனர்.

வேலைக்குச் சென்றால் எழுத்து அழிந்துவிடாதா என்று சிலர் வினவலாம். மாதவனின் கடைத்தெருக் கதைகளே இதற்கு விடை. வயிற்றுக்காக அவர் அமர்ந்திருந்த இடமே அவருக்குக் கதைக்களமும் ஆயிற்று.

இனிப் பரிசைப் பற்றிக் கணக்கிடுவோம். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' வெளிவந்தது 1968இல். 'இலையுதிர் காலம்' நாவலுக்காக அவர் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது 2007இல். இடையே 39 ஆண்டுகள். மாதவனின் 'புனலும் மணலும்' வெளிவந்தது 1974இல். அவருக்கு அப்பரிசு கிடைத்தது 2015இல். அதுவும் 'இலக்கியச் சுவடுகள்' என்னும் கட்டுரை நூலுக்கு. நகுலனுக்கு அப்பரிசு கிடைக்கவேயில்லை. பாராட்டு வந்த பின் எழுதுவோம் என்று இவர்கள் காத்திருந்தால் நமக்கு இந்நூல்கள் ஏது?

இவற்றிலிருந்து நான் கற்றுக் கைக்கொள்ள முயல்பவை நான்கு.

முதலாவது, பேனா சோறு போடத் தொடங்கும் வரை அதன்மேல் குடும்பப் பாரத்தை ஏற்றலாகாது. பிழை திருத்தலும் மொழிபெயர்ப்பும் எழுத்துக்கு அண்மையிலுள்ள தொழில்களே. இரு மொழிகளுக்கிடையே வாழும் நமக்கு மலையாளம் ஒரு செல்வம். மாதவனும் பி. கே. பாலகிருஷ்ணனின் நாவலைத் தமிழாக்கியவர் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, கடைக்காரர் விற்பனை குறைந்த நாளிலும் கடையைத் திறக்கின்றார். நாமும் நாள்தோறும் குறித்த வேளையில் ஒரு பக்கமேனும் எழுதுவோம்.

மூன்றாவது, அனுப்பியதற்கு விடை வருமுன் அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும். விடை நம் கையில் இல்லை; அடுத்த பக்கம் நம் கையில் உள்ளது.

நான்காவது, உண்மை கூறும் நண்பர் இருவரையேனும் தேடிக்கொள்ள வேண்டும். தனியே எழுதலாம், தனியே தளராதிருத்தல் அரிது. நகுலன் 1968இல் பலருடைய எழுத்துகளைத் திரட்டிக் 'குருஷேத்திரம்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். தலைநகர்ச் சென்னைக்குத் தொலைவில் வாழும் எழுத்தாளர்க்குத் துணை எவ்வளவு தேவை என்பதற்கு அஃது ஒரு சான்று.

நண்பர்களே, ஊக்கம் வந்தபின் எழுதுவோம் என்று இருப்பவனுக்கு அது வருவதேயில்லை. எழுத அமர்ந்தவனைத் தேடியே அது வருகின்றது. நம் மன்றத்தில் எழுதும் நண்பர்கள் வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்க்கலாமே! முன்வருவோர் எனக்குத் தெரிவிக்க வேண்டுகின்றேன்.