சலாதுக்கீரையும் காலநிலையும்

கடைகளில் லெற்றூஸ் எனப்படும் சலாதுக்கீரை யாழ்ப்பாணத்து வெய்யிலில் நன்கு செழிப்பதில்லை. நுவரெலியா போன்ற மலைநாட்டுக் குளிரே அதற்கு உகந்தது. 'மலர் நகர்' எனப் பெயர்பெற்ற எமது பிறம்ரனின் இளவேனிற் குளிரும் அதற்கு ஏற்றதே.

நம்மிற் பலர் மிளகாய், கத்தரிக் கன்றுகளோடு யூன் மாதத்திலேயே இதனையும் நடுகின்றனர். வெப்பமும் நெடிய பகலும் சேரும்போது தண்டு நீண்டு பூக்கின்றது. வெண்பால் மிகுந்து இலை கசக்கின்றது. பிள்ளைகள் உண்ண மறுப்பதில் வியப்பில்லை.

மிளகாய்க்கு ஆகாத குளிர் இதற்கு நன்று. ஏப்ரல் இறுதியில் மண்ணின் மிகை ஈரம் வடிந்ததும், உக்கிய எரு இட்டுக் கொத்துக. விதையை அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஆழப் புதைத்தலாகாது. முளைப்பதற்கு ஒளி துணைசெய்யும். முளைத்தபின் செடிகளுக்கிடையே 20 சென்ரிமீற்றர் இடைவெளி விடுக. காலையில் வேரடியில் நீர் ஊற்றுக; இரவில் இலை நனைந்திருப்பின் அழுகல் நோய் பற்றும். முயல் புகாதவாறு வலையிடுக. வெளியிலைகளை மட்டும் பறித்தால் குருத்து மீண்டும் தழைக்கும். ஓகஸ்ற் நடுப்பகுதியில் மறுமுறை விதைத்தால் இலையுதிர் காலத்திலும் பயன்பெறலாம்.

மாணவச் செல்வங்களே, இவ்வாண்டு விதைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்பீராக. ஊரில் நாம் கற்ற பயிர்த்தொழிலை இந்நாட்டுப் பருவங்களோடு பொருத்திக் கொண்டால் மட்டுமே அது உங்கள் கைகளிலும் நிலைக்கும்.