பால்மாடுகளின் உண்ணிக் காய்ச்சலைக் கண்டறிதல்

ஹற்றனுக்கு அருகே எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாப்பா இரண்டு பிரீசியன் பசுக்கள் வளர்க்கிறார். என் படிப்புச் செலவில் ஒரு பங்கு அந்தப் பாலில்தான் வருகிறது. சென்ற ஆண்டு ஒரு பசு தீனியை மறுத்தது. பனிக் குளிர் என்று நினைத்தோம். மறுநாள் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனதும் பயந்துவிட்டோம்.

கால்நடை வைத்தியர் வெப்பநிலை பார்த்தார். 41 பாகை செல்சியஸ். பசுவுக்கு வழமையானது 38.5 அளவுதான். பின்பு காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடி வழுக்கியில் மெல்லிய படலமாக இழுத்தார்.

"ஏன் காதில், டொக்டர்?"

"சில கிருமிகள் மயிர்க்குழாய்களில்தான் கூடுதலாகத் தங்கும், மகள்."

படலத்தை உலர்த்தி, மெதனோலில் நிலைப்படுத்தி, கீம்சா சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் 1000 மடங்கு பெருக்கிப் பார்ப்பார்கள். செங்குருதிக் கலத்தினுள் இரண்டு பேரிக்காய்கள் காம்புப் பக்கம் ஒட்டியதுபோல் தெரிந்தால் அது பபேசியா. சிறு வளையமோ கோலோ தைலேரியா. ஓரத்தில் கரும்புள்ளி அனாபிளாஸ்மா என்னும் பற்றீரியா. காய்ச்சல் மூன்றிலும் வரும். மருந்தோ வேறு வேறு. ஆகவே பார்த்தறியாமல் ஊசி போடுவது பணத்தையும் மாட்டையும் இழக்கும் வழி.

எங்கள் பசுவுக்கு இருந்தது பபேசியா. செங்குருதிக் கலங்கள் உடைவதால்தான் சிறுநீர் நிறம் மாறுகிறது. 1888 இல் உருமேனியரான விக்டர் பாபெஸ் இவ்வகைக் கிருமியை மாட்டின் இரத்தத்தில் கண்டார். 1893 இல் அமெரிக்காவின் தியோபால்ட் சிமித்தும் கில்போர்னும் உண்ணியே அதைப் பரப்புகிறது என நிறுவினர்.

குணமான மாட்டிலும் கிருமி சொற்பமாகத் தங்கலாம். அப்போது வழுக்கியில் ஒன்றும் தெரியாது, கிருமியின் டீ.என்.ஏயைப் பெருக்கிக் காட்டும் பொலிமரேசுச் சங்கிலித் தாக்கப் பரிசோதனை வேண்டும். 'வழுக்கி சுத்தம்' என்பதால் 'மாடு சுத்தம்' என்றாகாது.

என் தவறையும் சொல்லவேண்டும். நான் உண்ணிகளைப் பிடுங்கிப் புல்லில் எறிவேன். இரத்தம் குடித்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பபேசியா முட்டைவழியே குஞ்சுகளுக்கும் போகும். நோயை நானே புல்லில் விதைத்திருக்கிறேன்! இப்போது அவற்றை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போடுகிறேன்.

ஊசிக்குப் பின் பசு எழுந்தது. பால் பழைய அளவுக்கு வர வாரங்கள் சென்றன. வீட்டில் மாடுள்ள தோழியரே, மாலையில் அதன் காதடியையும் மடிப்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.