எலிவேஷன் மட்டும் போட்ட ராணி கதை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டியபோது கான்கிரீட் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் விடுதி அறையில் ஒரு படம் பார்த்துவிட்டு நாங்கள் ஆறு பேர் போட்ட சண்டை மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால் அதையே ஆராய்ந்து எழுதுகிறேன். சிவில் படிப்பவளுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

படத்தின் பெயர் 'மேரி அன்டோனெட்'. 2006-ல் வந்தது. இயக்கியவர் சோஃபியா கொப்போலா என்ற அமெரிக்கப் பெண்மணி. ராணியாக நடித்தவர் கிர்ஸ்டன் டன்ஸ்ட். பிரெஞ்சுப் புரட்சி பாடத்தில் நாம் படித்த அதே ராணிதான். ஜனங்களுக்கு ரொட்டி இல்லை என்றதும் கேக் தின்னட்டும் என்றாள் என்று சொல்வார்களே, அவள்தான். (அந்தப் பேச்சு அவள் பேசியதே இல்லை. ரூசோ தன் சுயசரிதையில் பேர் சொல்லாமல் யாரோ ஒரு இளவரசி சொன்னதாக எழுதியது. அவர் அதை எழுதும்போது இவள் வியன்னாவில் சின்னப் பிள்ளை.)

சரித்திரப் படம் என்றால் நமக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. இந்தப் படம் அதையெல்லாம் உடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு அரண்மனையில் 1980-களின் ராக் பாட்டு ஒலிக்கிறது. பிரெஞ்சு ராணி அமெரிக்க இங்கிலீஷ் பேசுகிறாள். கலர் கலராய் கேக், பட்டு, விசிறி, கோபுரம் மாதிரி கொண்டை. செருப்புக் குவியல் காட்டும் இடத்தில் ஒரு நொடி கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி தெரியும். அந்தக் காலத்தில் ஏது கான்வாஸ் ஷூ? தவறிப்போய் விட்டதல்ல, வேண்டுமென்றே வைத்தது. ஆனால் அரண்மனை நிஜம். வெர்செய்ல்ஸ் அரண்மனைக்குள்ளேயே அனுமதி வாங்கிப் படம் பிடித்திருக்கிறார்கள். உடை அலங்காரத்துக்கு மிலேனா கனோனேரோவுக்கு ஆஸ்கார் கிடைத்தது.

2006 மே மாதம் கான் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியபோது சிலர் கூச்சல் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே படத்துக்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். எங்கள் அறையிலும் அப்படியே ஆனது. இரண்டு பேர் பாதியில் தூங்கிவிட்டார்கள். ஒருத்தி, "இது சரித்திரமே இல்லடி, துணிக்கடை விளம்பரம்" என்றாள். லேப்டாப் வைத்திருக்கும் தோழி அழுதுவிட்டாள். இன்னொருத்தி கேட்ட கேள்விதான் என்னைக் குடைந்தது: "ஊரே பட்டினி கெடக்குது, இந்தப் படத்துல ஜனங்க எங்கடி?"

உண்மைதான். கடைசிச் சில நிமிடங்கள் வரை ஜனங்களே வருவதில்லை. 1785-ல் ராணியின் பேரையே கெடுத்த வைர மாலை மோசடி படத்தில் இல்லை. கில்லட்டின் இல்லை. 1789 அக்டோபரில் அரண்மனையை விட்டு வண்டியில் கிளம்புவதோடு கதை முடிந்து, நொறுங்கிக் கிடக்கும் ஒரு படுக்கையறையைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

போன செமஸ்டரில் டிராயிங் சார் என் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "எலிவேஷன் அழகா இருக்கும்மா. செக்‌ஷன் எங்க? இதை வெச்சு அஸ்திவாரம் எத்தனை அடின்னு கொத்தனார் எப்படிக் கண்டுபிடிப்பார்?" இந்தப் படமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. எலிவேஷன் போட்டது தப்பில்லை. ஒரு எலிவேஷனாக அது சரியாகவே இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

மேரி 1755-ல் பிறந்தவள். 1770-ல் 14 வயதில் கல்யாணம் பேசி அனுப்புகிறார்கள். ரைன் நதியில் ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் ஒரு தீவில் மர மண்டபம் கட்டி, ஆஸ்திரிய உடையை எல்லாம் கழற்றி, பிரெஞ்சு உடை மாட்டி ஒப்படைக்கிறார்கள். படத்தில் அவளுடைய நாய்க்குட்டியைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்கள். காலையில் எழுந்தால் சட்டையைக் கையில் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று ஒரு முறை. கொடுக்கப் போகும்போது அவளைவிட அந்தஸ்தில் பெரியவள் உள்ளே வந்தால் உரிமை கை மாறும். அதுவரைக்கும் இந்தப் பெண் குளிரில் வெறும் உடம்போடு நிற்கணும். சுற்றி நின்று எல்லாரும் பார்க்கிறார்கள்.

அந்தக் காட்சியில் எனக்கு எங்கள் முதல் நாள் வொர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள், பத்தாவது தாண்டியதே நான்தான். ரப்பர் செருப்போடு வாசலில் நின்றேன். அறுபது பேரும் என் காலைத்தான் பார்த்தார்கள். ராணியையும் என்னையும் ஒப்பிடுவது சிரிப்பாக இருக்கலாம். இருந்தாலும், விதி தெரியாத இடத்தில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்பதை இந்தப் படம்போல எந்தப் பாடப் புத்தகமும் எனக்குக் காட்டவில்லை. 1774 மே மாதம் கிழவர் பதினைந்தாம் லூயி செத்ததும் இவள் ராணி. அப்போது வயது 18, புருஷனுக்கு 19. என் வயசு!

இனி செக்‌ஷன். இதைப் படத்தில் தேடாமல் லைப்ரரியில் தேடினேன். 1788-ல் பிரான்சில் விளைச்சல் கெட்டது. பின்னாலேயே கடும் குளிர்காலம். பாரிஸில் 8, 9 சூ (அப்போதைய சில்லறைக் காசு) விற்ற நாலு பவுண்டு ரொட்டி 1789 தொடக்கத்தில் 14 சூவைத் தாண்டியது. கூலியாளுக்கு நாள் சம்பளமே 20-லிருந்து 30 சூதான். பாதிச் சம்பளம் ரொட்டிக்கே சரி. ஆனால் எங்கள் அறையில் சொன்ன மாதிரி ராணியின் கவுனும் செருப்பும்தான் நாட்டைக் கவிழ்த்தது என்பதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1788 வரவு செலவில் அரண்மனைச் செலவு ஏறக்குறைய 6 சதவீதம். பாதிப் பணம் கடனுக்கும் வட்டிக்கும் போனது. அமெரிக்க சுதந்திரப் போருக்கு உதவப்போய் ஏறிய கடன் அதில் பெரிசு. படத்தில் மந்திரிகள் ராஜாவிடம் இதை ஓரிரு வாய் பேசிவிட்டுப் போகிறார்கள். கண் சிமிட்டினால் தவறிவிடும்.

அதற்காக 6 சதவீதம் அற்பம் என்று நான் சொல்லவில்லை. பசித்தவன் கண்ணுக்கு வட்டிக் கணக்கு தெரியாது, பட்டுதான் தெரியும். அந்த இரண்டையும் ஒரே ஷீட்டில் போட கொப்போலா முயலவே இல்லை. அதுதான் என் குறை. பாட்டும் கான்வாஸ் ஷூவும் எனக்கு உறுத்தவில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் முழுக் கதையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், "பாவம், பதினாலு வயசுப் புள்ள. அதுக்கு யாருமே சொல்லித் தரலையா?" என்றார். அவளுடைய தாயார் 1780-ல் சாகும் வரைக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார், கண்டிக்கவும் செய்தார் என்றேன். திண்ணையில் இருந்த அப்பா திரும்பாமலே, "சொல்லித் தந்திருந்தா மட்டும் ரொட்டி வெல எறங்கியிருக்குமா?" என்றார்.

இரண்டு பேரும் படம் பார்க்கவில்லை. பொங்கல் லீவுக்கு லேப்டாப் தருவதாகத் தோழி சொல்லியிருக்கிறாள். இங்கிலீஷை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அப்பா எங்கே தூங்குவார் என்று இப்போதே தெரியும். அந்த நொறுங்கிய அறை வரும்போது மட்டும் எழுப்பிவிடுவேன். ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.