காரைக் குளிர வைக்கும் கம்ப்ரசர்

கொல்கத்தா, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள பெரிய நகரம். சித்திரை, வைகாசி மாதங்களில் அங்கே வெயில் கொளுத்தும். காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை காயாது.

மஞ்சள் அம்பாசடர் டாக்சி அந்த நகரத்தின் அடையாளம். பக்கத்தில் உள்ள உத்தரபாராவில்தான் அம்பாசடர் காரைச் செய்தார்கள். 2014 மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. அந்தப் பழைய டாக்சிகளில் பெரும்பாலும் ஏ.சி. இல்லை. இப்போது செல்போனில் கூப்பிடும் டாக்சிகளில் ஏ.சி. உண்டு. அது ஓடாவிட்டால் பயணி கோபப்படுவார். டிரைவரின் வருமானம் குறையும்.

எப்படிக் குளிர்கிறது?

ஏ.சி.யின் இதயம் கம்ப்ரசர். எஞ்சின் ஓடும்போது ஒரு பெல்ட் அதைச் சுற்றுகிறது. கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. கேஸ் சூடாகிறது. காரின் முன்பக்கம் உள்ள கண்டென்சரில் சூடு வெளியேறுகிறது. கேஸ் திரவமாகிறது. பிறகு அது சிறு துளை வழியாகக் கூலிங் காயிலுக்குப் போகிறது. அங்கே ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

ஏன் கெடுகிறது?

கேஸுடன் சேர்ந்து எண்ணெயும் சுற்றி வருகிறது. கேஸ் கசிந்தால் எண்ணெயும் குறையும். உள்ளே பாகங்கள் உரசித் தேயும். கடகடவென்று சத்தம் வரும். ஒருநாள் கம்ப்ரசர் இறுகி நின்றுவிடும்.

ஆனால் குளிரவில்லை என்றாலே கம்ப்ரசர் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. கேஸ் குறைந்திருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

எப்படி மாற்றுவது?

1. பழைய கேஸை இயந்திரம் வைத்துச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். பிறகு பாட்டரி வயரைக் கழற்ற வேண்டும்.
2. பெல்ட், குழாய்கள், போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். குழாய் வாயை உடனே மூட வேண்டும். ஈரமும் தூசியும் போகக் கூடாது.
3. பழைய எண்ணெயில் உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குழாய்களைக் கழுவ வேண்டும். கண்டென்சரையும் மாற்ற வேண்டி வரலாம். அந்தத் தூள் புதிய கம்ப்ரசரையும் கெடுத்துவிடும்.
4. ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போட வேண்டும்.
5. சரியான எண்ணெயை அளந்து ஊற்றிக் கம்ப்ரசரைப் பொருத்த வேண்டும்.
6. வேக்கம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். பம்பை நிறுத்திய பின் மீட்டர் முள் ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது.
7. பானெட்டில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து, அதில் உள்ள எடைக்குக் கேஸ் ஏற்ற வேண்டும்.

எச்சரிக்கை

கேஸ் திரவம் கண்ணில் பட்டால் கண் உறைந்து பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் அவசியம். ஆக்சிஜன் ஏற்றிக் கசிவு பார்க்கக் கூடாது. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். அதற்கு நைட்ரஜன்தான் ஏற்றது. சமையல் கேஸை ஏற்றினால் கார் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கேஸைக் காற்றிலும் விடக் கூடாது. முன்பு இருந்த ஆர்-12 கேஸ், பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தைக் கெடுத்தது. அதை நிறுத்த 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. பின்னால் வந்த ஆர்-134ஏ கேஸ் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

வாங்கும்போது

கொல்கத்தா மல்லிக் பஜாரில் பழைய கார் பாகங்கள் கிடைக்கும். விலை குறைவு. ஆனால் குழாய் வாய் மூடாமல் கிடந்த கம்ப்ரசரில் ஈரம் ஏறியிருக்கும். அதை வாங்காமல் இருப்பது நல்லது. டிரையர், எண்ணெய், கேஸ், கூலி என்று தனித்தனியாக எழுதிய பில் கேட்க வேண்டும். அதைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. புதிய கம்ப்ரசர் மீண்டும் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
2. பழைய கேஸை ஏன் காற்றில் விடக் கூடாது?
3. உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணாடி, கையுறை போடுகிறாரா?